கணினிக் கேள்வி பதில்: காணாமல் போன கவுன்டர்

கேள்வி: சர்வர்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம். ஒரே ஒரு விண்டோஸ் சர்வரில் மட்டும் 'பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர் கிடைக்கவில்லை' என்று சிவப்பில் காட்டுகிறது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் அதே கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மறுபடி மறுபடி நிறுவுவதை நிறுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர் என்பது சிபியு, மெமரி போன்றவை எவ்வளவு வேலை செய்கின்றன என்று விண்டோஸ் வைத்திருக்கும் கணக்கு. அந்த மென்பொருள் இதை எல்லாம் விண்டோஸிடம் கேட்டு வாங்கித்தான் காட்டுகிறது, அதனால் நேராக அந்த சர்வரிலேயே உட்கார்ந்து பெர்ஃப்மானை (விண்டோஸோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்) திறந்து, அதே கவுன்டர் அங்கே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சிக்கல் சர்வருக்கும் உங்கள் மென்பொருளுக்கும் இடைப்பட்ட வழியில் இருக்கிறது: ரிமோட் ரெஜிஸ்ட்ரி சர்வீஸ் ஓடுகிறதா, உங்கள் மென்பொருள் பயன்படுத்தும் யூசர் அக்கவுன்ட் 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ்' குழுவில் இருக்கிறதா, ஃபயர்வால் மறிக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

பெர்ஃப்மானிலும் வரவில்லையா? அப்படியானால் கோளாறு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்ற பட்டியலை அங்கே பெர்ஃப்லிப் என்ற இடத்தில் வைத்திருக்கிறது (அதில் 009 என்பது ஆங்கிலப் பெயர்களுக்கு). ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவும்போதோ நீக்கும்போதோ பாதியில் நின்றுபோனால் இந்தப் பட்டியல் கலைந்துவிடும். பெர்ஃப்மானில் பெயர்களுக்குப் பதிலாக வெறும் எண்கள் வரிசையாக வந்தால் சந்தேகமே வேண்டாம், இதேதான். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாகில் 3012 என்ற ஈவென்ட் இருந்தாலும் இதையே சொல்கிறது.

சரி, மருந்து. அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சிஸ்டம்32 ஃபோல்டருக்குப் போய் எல்-ஓ-டி-சி-டி-ஆர் (லோட் கவுன்டர் என்பதன் சுருக்கம்) என்ற கட்டளையைக் கொடுங்கள், ஒரு இடைவெளி விட்டு சாய்கோடு, பெரிய எழுத்து ஆர். இது பட்டியலை முதலிலிருந்து கட்டுகிறது. முதல் தடவை 'எரர் கோட் 2' என்று சொல்லித் திரும்பினால் பயப்படாதீர்கள், இன்னொரு தடவை கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். அப்புறம் சிஸ்வாவ்64 ஃபோல்டரிலும் அதையே செய்யுங்கள், 32 பிட் மென்பொருள்களுக்கு அது வேண்டும், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். கடைசியாக 'வின்எம்ஜிஎம்டி' கட்டளையை சாய்கோடு 'ரீசிங்க்பெர்ஃப்' உடன் ஓட்டிவிட்டு (விண்டோஸின் டபிள்யூஎம்ஐ என்ற நிர்வாகப் பகுதியும் புதிய பட்டியலை எடுத்துக்கொள்ள), கண்காணிப்பு ஏஜென்ட்டையும் (சர்வரில் ஓடும் உங்கள் மென்பொருளின் பகுதி) ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தொடங்குவதற்கு முன் அதே லோட் கவுன்டர் கட்டளையில் சாய்கோடு எஸ் போட்டு, முக்காற்புள்ளி, ஃபைல் பெயர் கொடுத்து இப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது நல்லது, ஏனென்றால் மற்ற நிறுவனங்களின் கவுன்டர்கள் சில இதில் காணாமல் போகலாம், அவற்றை அவரவர் ஐஎன்ஐ ஃபைலைக் கொண்டு திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு சர்வீஸின் கவுன்டர்கள் மட்டும் இல்லையென்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அதே லோட் கவுன்டர் கட்டளையில் சாய்கோடு க்யூ கொடுத்தால் எது 'டிசேபிள்டு' என்று தெரியும், சாய்கோடு ஈ, முக்காற்புள்ளி, சர்வீஸ் பெயர் கொடுத்தால் திரும்ப இயங்கும். திரும்பத் திரும்ப முடங்குகிறது என்றால் அந்தக் கவுன்டர்களைத் தரும் டிஎல்எல் ஃபைலில்தான் கோளாறு, அப்ளிகேஷன் லாகில் 1008 என்ற ஈவென்ட் இருக்கிறதா என்று பார்த்து அதைச் செய்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்டில் சிபியு சதவீதத்தை எடுக்கும்போது முதல் மதிப்பு மட்டும் பிழையாக வருகிறது.

பதில்: பிழை இல்லை. சதவீதம், 'நொடிக்கு இத்தனை' போன்றவை இரண்டு அளவுகளுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தில் கணக்கிடப்படுபவை, ஒரே ஒரு அளவில் கணக்கு வராது. ஒரு நொடியாவது இடைவெளி விட்டு இரண்டாவது தடவை எடுங்கள், முதலாவதைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: ஆங்கில விண்டோஸில் ஓடும் எங்கள் புரோகிராம் ஜெர்மன் விண்டோஸில் கவுன்டரே இல்லை என்கிறது.

பதில்: அங்கே கவுன்டரின் பெயரும் ஜெர்மனில் இருக்கும். ஆங்கிலப் பெயரையே ஏற்றுக்கொள்ளும் பிடிஎச்-ஆட்-இங்கிலீஷ்-கவுன்டர் என்ற விண்டோஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே இருக்கிறது.