மந்த காலத்தில் முதல் வேலை: கேள்வி பதில்

வேலைவாய்ப்பு சுருங்கிய மந்த காலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பியிருந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றைத் தேர்ந்து இங்கே பதில் எழுதுகிறேன். தொழிற்சாலை ஒன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவிலும் பின்னர் பொறியியல் கல்லூரி ஒன்றின் வேலைவாய்ப்புப் பிரிவிலும் பணியாற்றியவன் என்ற முறையில், மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு, கணினி அறிவியல்): கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. ஆனால் பணியில் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். காத்திருப்பதா, வேறு வேலைக்குப் போவதா?

பதில்: போய்விடுங்கள். அந்த நிறுவனம் அழைக்கும்போது எது நல்லதோ அதை முடிவு செய்துகொள்ளலாம். சேரும் தேதி குறிக்கப்படாத கடிதத்தை நம்பி மற்ற வாய்ப்புகளை மூடிக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அன்று என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். கொரோனாவுக்குப் பிந்தைய 2021, 2022 ஆண்டுகளில் ஐ.டி. நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஆள் எடுத்தன. 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை கொண்டுபோனது. கடன் வாங்கும் செலவு கூடி அங்குள்ள வாடிக்கையாளர்கள் புதிய திட்டங்களை ஒத்திவைத்ததும், இங்கே பெஞ்சில், அதாவது எந்தத் திட்டத்திலும் அமர்த்தப்படாமல், ஆட்கள் தேங்கினார்கள். ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கணக்கின்படி 2022-23 நிதியாண்டில் ஏறத்தாழ 2.9 லட்சம் பேர் கூடுதலாகச் சேர்ந்த துறையில், அடுத்த ஆண்டு கூடியவர்கள் சுமார் 60,000 பேர்தான். டி.சி.எஸ். நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை 2023-24இல் 13,249 குறைந்தது. 2004இல் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபின் ஓர் ஆண்டின் முடிவில் எண்ணிக்கை குறைந்தது அதுவே முதல் முறை. இத்தகைய ஆண்டில் வெளியே வந்தவர், முந்தைய ஆண்டில் வெளியே வந்த தன் சீனியரோடு தன்னை ஒப்பிட்டு நொந்துகொள்வதில் நியாயமே இல்லை.

கேள்வி (மதுரை, இயந்திரவியல்): அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் மாதம் 14,000 ரூபாய்க்கு அழைக்கிறார்கள். குறைந்த சம்பளத்தில் ஆரம்பித்தால் கடைசிவரை அப்படியே நின்றுவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மந்த காலத்தில் பட்டம் பெற்றவர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1980களின் தொடக்க நெருக்கடியில் வெளிவந்தவர்களை ஆராய்ந்த பொருளியலாளர் லிசா கான், அவர்களுடைய சம்பளக் குறைவின் சுவடு பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிந்ததாகக் கண்டார். கனடாவில் ஓரியோபூலஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு, 2012இல் வெளியானது, சற்று ஆறுதல் தருகிறது. தொடக்கத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாக இருந்த வருமானம் ஐந்தாண்டுகளில் பாதியளவு ஈடேறி, பத்தாண்டுகளில் சமமாகிவிடுகிறது. எப்படி ஈடேறியது என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. முதலில் சிறிய, குறைந்த சம்பள நிறுவனங்களில் சேர்ந்தவர்கள் அங்கேயே தங்கிவிடாமல், படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியதால்தான் மீண்டார்கள்.

ஆகவே 14,000 ரூபாய் குறைவுதான் என்றாலும், அந்த வேலை அடுத்த வேலைக்கு உங்களைத் தயார்ப்படுத்துமா என்று பாருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது தொழிற்கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எந்த எந்திரத்தில் நிற்க வைப்பார்கள், தரப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா, யாருக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வாகன நிறுவனங்களுக்கு நேரடியாகப் பொருள் கொடுக்கும் இடத்தில் ஓராண்டு தரப் பிரிவில் நின்றவருக்கு வாகனத் தொழிற்சாலைகள் உள்ள ஒரகடத்திலோ ஓசூரிலோ கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு நேர்காணலில் நான் உடன் அமர்ந்திருந்தேன். எண்பது சதவீத மதிப்பெண் எடுத்த இளைஞர் ஒருவரிடம், கடைந்து முடித்த ஒரு தண்டையும் வெர்னியர் காலிப்பரையும் கொடுத்து, விட்டத்தை அளந்து சொல்லச் சொன்னார் தொழிற்கூட மேலாளர். முதன்மை அளவுகோலில் 24 என்று சரியாகப் படித்தவருக்கு, வெர்னியரில் எந்தக் கோடு பொருந்துகிறது என்று பார்த்து 0.02ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும் என்பது கைக்கு வரவில்லை. அதற்கான சூத்திரத்தை மட்டும் பிழையில்லாமல் ஒப்பித்தார். அடுத்து வந்த டிப்ளமா மாணவர் வரைபடத்தை வாங்கி, அளவில் அனுமதிக்கப்பட்ட கூடுதல் குறைவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, "இந்தப் பீஸ் ரிஜெக்ட் சார்" என்றார். வேலை அவருக்குப் போனது. உங்கள் கல்லூரி ஆய்வகம் இன்னும் உங்களுக்குத் திறந்திருந்தால், பேராசிரியரிடம் கேட்டு ஒரு வாரம் அங்கே செலவிடுங்கள். எந்தப் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

கேள்வி (கடலூர், மின்னணுவியல்): அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சிக்குப் போனால் ஓராண்டு வீணாகுமா?

பதில்: வீணாகாது. பட்டதாரிகளில் பலர் இதை ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு உரியதென்று எண்ணி ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டுப் பொறியியல் பட்டதாரிகளையும் உள்ளடக்கியது. இப்போது கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. பதிவு, மத்திய அரசின் பழகுநர் திட்டமான நாட்ஸின் இணையதளத்தில். 2019 விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய் உதவித்தொகை என நிர்ணயித்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலேயே நெய்வேலி என்.எல்.சி. இருக்கிறது, திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவையும் பட்டதாரிப் பழகுநர்களை எடுக்கின்றன.

பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பதைத் தெரிந்தே சேருங்கள். ஒரே ஒரு முறைதான் இந்த வாய்ப்பு கிடைக்கும். ஆகவே பெயர் பெரிதா என்று பார்ப்பதைவிட, எந்தப் பிரிவில் அமர்த்துகிறார்கள் என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஒரு கன்சல்டன்சியில் மூன்று ஆண்டு அனுபவச் சான்றிதழ் தயார் செய்து, 'பேக்டோர்' வழியாக வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். அப்பா நகையை அடகு வைக்கவும் சம்மதித்துவிட்டார்.

பதில்: தம்பி, அந்த நகையை வீட்டைவிட்டு வெளியே எடுக்க விடாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) ஒவ்வொரு ஊழியருக்கும் தரப்படும் யு.ஏ.என். எண்ணின் கணக்கைத்தான். நீங்கள் வேலை பார்த்ததாகச் சொல்லும் மூன்று ஆண்டுகளில் ஒரு மாதம்கூடப் பி.எஃப். கட்டப்படவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். சேர்ந்து பல மாதங்கள் கழித்து இது வெளிப்பட்டு, அன்றே வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. அதன்பின் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வேலை தேடுவது இப்போதைய நிலையைவிடப் பல மடங்கு கடினம். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நீங்களும் அந்த மோசடியில் ஒரு தரப்பாகிவிடுகிறீர்கள்.

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் இடைவெளி இருப்பது குற்றமன்று. மந்த ஆண்டில் படித்து முடித்தவர் என்பது ஆள் எடுப்பவருக்குத் தெரியும். அந்த இடைவெளியில் பக்கத்துக் கடைக்குப் பில் போடும் மென்பொருள் அமைத்துக் கொடுத்திருந்தாலும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்திருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுபவர்" என்ற வரிகளை நானே ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் படிக்காமல் தாண்டியிருக்கிறேன். ஒரு கடையின் இருப்புக் கணக்கை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றினேன் என்று ஒருவர் எழுதியிருந்தபோது நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

கேள்வி (விழுப்புரம், பி.காம். படித்த பெண்): வெளியூருக்கு அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு மட்டும் படித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாமா?

பதில்: படியுங்கள், ஆனால் அதை மட்டும் செய்யாதீர்கள். 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, பிறகு இடங்கள் கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்களோ சுமார் 20 லட்சம் பேர். உழைத்தவர்களிலும் பெரும்பாலோர் வெளியே நிற்கத்தான் வேண்டியிருக்கும். அந்தத் தோல்வி உங்கள் ஒரே சேமிப்பாக இருந்துவிடக் கூடாது.

உங்கள் படிப்புக்கு ஊரிலேயே ஆடிட்டர் அலுவலகங்கள் உண்டு. சம்பளம் சொற்பம்தான். ஆனாலும் மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர். 1, 20ஆம் தேதிக்குள் வரிச் சுருக்கமான 3பி என்று ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் வேலையில் ஓராண்டு இருந்து, டேலி மென்பொருளில் பதிவதோடு நில்லாமல் கொள்முதல் பில்களை இணையதளத்தில் வரும் விவரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டவரை எந்த ஊரிலும் எடுத்துக்கொள்வார்கள். பகலில் அலுவலகம், அதிகாலையில் தேர்வுப் படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது என்பதால், அதை இலேசாக எண்ணிவிடாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறவாதீர்கள்.

கேள்வி (ஒரு தந்தை, நாமக்கல்): வேலை கிடைக்காததால் மகனை எம்.பி.ஏ. சேர்க்கலாமா?

பதில்: அவருக்கு அந்தப் படிப்பில் விருப்பம் இருந்தால் மட்டும். நேரத்தைக் கடத்துவதற்காகக் கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம். பொறியியல் பட்டதாரி என்றால் கேட் தேர்வு எழுதச் சொல்லுங்கள்: தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, மதிப்பெண்ணும் மூன்று ஆண்டுகள் செல்லும்.

கேள்வி (சிவகங்கை): தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 என்று ஏஜென்ட் சொல்கிறார். சுற்றுலா விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாமாம்.

பதில்: போகாதீர்கள். 2022இல் இதே வாக்குறுதியோடு தாய்லாந்து போன தமிழ் இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்டார்கள். 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. சுற்றுலா விசா என்ற சொல் வந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கல்விக் கடன் தவணை தொடங்கப் போகிறது. வேலையே இல்லாமல் எப்படிக் கட்டுவது?

பதில்: வங்கியிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்காமல் இருப்பதுதான் பலர் செய்வது, அதனால் நிலைமை மோசமாகும். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. அதற்குப் பிறகும் வேலையின்மை காரணமாகத் தவணையை நிறுத்திவைக்கக் கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை வங்கி இடம் தரலாம் என்று அதே திட்டம் சொல்கிறது. இதைக் கிளையில் யாரும் தாமாக முன்வந்து சொல்வது அரிது. கணக்கு வாராக்கடனாக மாறும் முன்பே, அதாவது தவணை தவறிய 90 நாள் ஆவதற்கு முன்பே, கிளை மேலாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். இத்தனை இடங்களில் முயன்றேன் என்பதற்கான மின்னஞ்சல் நகல்களை இணைத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் மாத வட்டியில் ஒரு பகுதியையாவது செலுத்துங்கள்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொதுத் துறை வங்கிகள் பணி ஆணை தருவதற்கு முன் விண்ணப்பதாரரின் கடன் வரலாற்றைப் பார்க்கின்றன. தேர்வில் வென்ற பிறகு சிபில் அறிக்கையில் தடுக்கி விழ நேரிடக் கூடாது. மேலாளர் விண்ணப்பத்தை வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கு அந்தத் தபால் ரசீது தேவைப்படும்.