சவாரிக்கு ஆகாத மட்டக்குதிரையைச் சித்தூருக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் 'சவாரிக்கு இல்லை, துணைக்கு மட்டும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எனக்கே திருப்பித் தர வேண்டும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்க்காரரின் குதிரையும் ஒண்டியாகத்தானே நிற்கிறது, இரண்டுக்கும் நல்லது.

முதுகுப் பக்கம் கை போனாலே உதறுகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் குணமில்லை, வலி. சேணம் உரசிய பழைய புண்ணாக இருக்கலாம். பக்கவாட்டில் நின்று, கழுத்திலிருந்து முதுகு வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தோல் துடித்து, காது பின்னால் மடங்கினால் அந்த இடத்தைக் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். பயம் மட்டும் என்றால் பெரும்பாலும் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரிதான் மிரளும்.

கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும் முன் அந்த டாக்டரிடமே உடல்நலச் சான்று வாங்குங்கள். கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனை, டெட்டனஸ் ஊசி இரண்டையும் கேளுங்கள். போனதும் சித்தூர்க்காரர் இதை இரண்டு மூன்று வாரம் தனியாக, ஆனால் மற்றக் குதிரை கண்ணில் படும்படி கட்டட்டும்.

எனக்கு உறுத்துவது சித்தூர்க்காரரின் தென்னந்தோப்புப் புல்தான். வேலையில்லாத மட்டக்குதிரை மழைக்காலப் பச்சையை வயிறுமுட்ட மேய்ந்தால் குளம்புக்குள் அழற்சி வரலாம். குளம்பு சுட்டு, முன்காலை ஊன்றத் தயங்கினால் அன்றே மேய்ச்சலை நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதைச் சித்தூர்க்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.