பாறை மேல வீடு, ஏரி மண் மேல வீடு: நில அதிர்வு கேள்வி பதில்

பர்கூர்: சார், எங்க பக்கம் கடப்பாரை போட்டா பாறையிலதான் மோதுது. நில அதிர்வுக்குப் பயப்பட வேணாம்தானே?

பாதிப் பயம் குறையும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது. வரும் அதிர்வைப் பெருக்காமல் கடத்திவிடும். அதிர்வே வராது என்று அர்த்தமில்லை. நில அதிர்வைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்திய விதி ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பில் தர்மபுரி மூன்றாம் மண்டலம்; எண் கூடினால் ஆபத்து கூடும். அதில் பெங்களூரே இரண்டில்தான் இருக்கிறது! 1900-இல் கோவைப் பக்கம் வந்தது ஏறக்குறைய 6 ரிக்டர்.

தர்மபுரி: ஒரே ஊர்ல ஒரு தெரு விழுது, இன்னொரு தெரு நிக்குது. எப்படிங்க?

பாறையிலிருந்து பொலபொல மண்ணுக்குள் ஏறும்போது அலையின் வேகம் குறையும், ஆட்டம் கூடும். 1985 செப்டம்பர் 19 அன்று பசிபிக் கரையோரம் அதிர்ந்தது. 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்த மெக்சிகோ நகரில் பழைய ஏரிப் படுகைக் களிமண் மேல் நின்ற கட்டடங்கள் சரிந்தன. அதே நகரில் பாறைப் பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியது. படுகை ஒரு தடவை ஆடி முடிக்க 2 நொடி. அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போன 6 முதல் 15 மாடிக் கட்டடங்களுக்குத்தான் அடி அதிகம். குட்டை வீடுகள் பெரும்பாலும் பிழைத்தன.

காவேரிப்பட்டினம்: ஏரியை ஒட்டி மனை வாங்கியிருக்கேன். அடியில எவ்வளவு மண்ணுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பக்கத்து வீட்டில் போர் போட்டபோது கேசிங், அதாவது துளைக்குள் விடும் குழாய், எத்தனை அடி இறங்கியது என்று கேளுங்கள். கெட்டிப் பாறை தட்டும்வரைதான் கேசிங் விடுவார்கள். காசு போகும் சமாச்சாரம், வீணாக இறக்கச் சொல்ல மாட்டார்கள். போர் பில்லில் இருக்கும் அந்த அடிதான் தோராயமாக உங்கள் மண்ணின் ஆழம்.

ஆழத்தை நாலால் பெருக்கி, மண்ணில் குறுக்கலை (பக்கவாட்டில் ஆட்டும் அதிர்வலை) ஓடும் வேகத்தால் வகுங்கள். மண் ஒரு தடவை ஆடி முடிக்கும் நேரம் கிடைக்கும். 33 அடி, அதாவது 10 மீட்டர் மண். வேகம் நொடிக்கு 200 மீட்டர் என்றால் 0.2 நொடி வரும். கட்டடம் ஒரு தடவை ஆடி முடிக்க, தளத்துக்கு 0.1 நொடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆக, நீங்கள் கட்டப்போகும் இரண்டு தள வீடும் மண்ணும் ஒரே தாளத்தில் ஆடலாம். பயந்து மனையை விற்க வேண்டாம். மண் பரிசோதனை செய்யுங்கள். அஸ்திவாரத்தைக் கொட்டின மண்ணில் நிறுத்தாமல் சுக்காம்பாறை வரை இறக்குங்கள். சுவர்களைச் சுற்றிக் கட்டும் பெல்ட் கான்கிரீட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பென்னாகரம்: தாத்தா காலத்து வீடு. கல்லும் மண் சாந்தும் வெச்ச சுவர், ரெண்டடி கனம். பலம்தானே?

கனம் பலம் இல்லை. 1993-இல் மகாராஷ்டிராவின் லாத்தூரில் வந்த நில அதிர்வில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது இதே மாதிரி சுவர்தான். அதுவும் அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம். சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும் பிணைக்கும் நீளக்கல் இருக்கிறதா என்று கொத்தனாரை வைத்துப் பாருங்கள்.

ஓசூர்: அபார்ட்மென்ட் பார்க்கிறேன். கீழே முழுக்க கார் பார்க்கிங், வெறும் தூண்கள். வாங்கலாமா?

2001-இல் குஜராத்தின் புஜ் அதிர்வில் 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில், சபர்மதி வண்டல் மேல், இப்படித் தூண் மட்டும் நின்ற கட்டடங்கள் பல விழுந்தன. மண் அறிக்கையும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் கேளுங்கள். கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.