மகனிடம் எதைப் பேசுவது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 20 வயது. தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறான். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று போன மாதம் சொன்னான். அழுது தீர்த்துவிட்டோம். இப்போது அவன் உடம்புக்கு எதுவும் வந்துவிடக் கூடாதே என்றுதான் கவலை. எப்படிப் பேச்செடுப்பது?
- பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: ‘எய்ட்ஸ் வந்துடும்டா’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், அம்மா. யாருடன், எத்தனை பேர் என்ற விசாரணையும் வேண்டாம். ‘ஆணுறை, ஜெல் வைத்திருக்கிறாயா?’ என்று கேளுங்கள். முகம் பார்த்துக் கேட்கக் கூச்சமென்றால், அப்பா வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது கேட்கட்டும்.

ஜெல் முக்கியம். ஆசனவாயில் இயற்கையான வழவழப்பு கிடையாது. உள்சவ்வு மெல்லியது, சுலபமாகக் கீறும், கிருமி அந்த வழியே ஏறும். வறண்டால் ஆணுறையும் கிழியும். நம் வீடுகளில் சட்டென்று கைக்கு வருவது தேங்காய் எண்ணெய்தான். அதுவும் வாசலினும் ரப்பரைச் சில நிமிடங்களில் இற்றுப்போக வைத்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கிறது. இரண்டு ஆணுறையைச் சேர்த்துப் போட்டால் உரசிக் கிழியும். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்ததும் உதவாது.

கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். (திட்டாமலே விட்டாலும் நல்லதுதான்.)

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியம். தொற்றிய உடனே ரத்தத்தில் தெரியாது. 3 மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தொண்டையிலும் ஆசனவாயிலும் கொனோரியா என்ற பால்வினைத் தொற்று அறிகுறியே இல்லாமல் இருக்கலாம். சிறுநீரை மட்டும் பார்த்தால் அது தப்பிவிடும் என்பதால், எந்த வகை உறவு என்பதை டாக்டரிடம் அவன் தனியாகச் சொல்லட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள். ஹெபடைடிஸ்-பி ஊசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்: முதல் ஊசி, 1 மாதத்தில் அடுத்தது, 6-ம் மாதம் கடைசி. சந்தேகத்துக்கு 1097, கட்டணமில்லை.

கேள்வி: என் தம்பியோ, ‘பெண்கள் மீதும் ஈர்ப்பு இருக்கலாம், கல்யாணம் பண்ணி வை, டாக்டரிடம் காட்டி மாற்று’ என்கிறார்.

பதில்: மாற்றுவதாகச் சொல்லும் டாக்டரிடம் போகாதீர்கள். அது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. இருபால் ஈர்ப்பு உண்டென்று அவனே சொன்னால், மேலே சொன்னவற்றோடு கருத்தடையையும் சேர்த்துப் பேசுங்கள். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கட்டும்.