வாசகர் கேள்விகள்: பரீட்சைக்கு நடுவே ஒரு கிராண்ட் பிரி

கேள்வி: டோனி புரூக்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் படித்துக்கொண்டே பகுதிநேரமாகக் கார் பந்தயம் ஓட்டியவர் என்று எங்கோ ஒரு வரி படித்தேன். கிராண்ட் பிரி மாதிரி உச்சநிலைக் கார் பந்தயத்தைப் போய் யாராவது பகுதிநேரமாக ஓட்ட முடியுமா?

பதில்: ஓட்டியது மட்டுமில்லை, ஜெயித்தும் இருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டுநரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

புரூக்ஸ் 1932-இல் செஷயரில் உள்ள டக்கின்ஃபீல்டில் பிறந்தார். அப்பா பல் மருத்துவர். மகனும் அதே வழியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் சேர்ந்தார். 1952-இல் ஒரு ஹீலி சில்வர்ஸ்டோன் காரோடு கிளப் பந்தயங்களில் இறங்கினார். படிப்புதான் பிரதானம், மிச்ச நேரத்தில் பந்தயம்.

1955 அக்டோபரில் இத்தாலியின் சிசிலித் தீவில் சிராகூஸ் கிராண்ட் பிரி நடந்தது. சர்ரேயில் சென்ட் என்ற ஊரில் இயங்கிய கானாட் என்ற சிறிய பந்தயக் கார் நிறுவனத்துக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. வந்து கலந்துகொண்டாலே நல்ல பணம் தருகிறோம் என்றார்கள் அமைப்பாளர்கள். கையில் காசில்லாத கானாட்டுக்கு அது பெரிய விஷயம். இரண்டு கார்களை லாரிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு ஓட்ட ஆள் தேடியபோது கிடைத்தவர்களில் ஒருவர் இந்த 23 வயது மாணவர். அதுவரை அவர் ஒரு கிராண்ட் பிரி காரைக்கூட ஓட்டியதில்லை. இறுதித் தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்ததால் விமானத்தில் பாடப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டு போனார்.

போய்ச் சேர்ந்தால் லாரிகள் வந்தபாடில்லை. புரூக்ஸ் ஒரு வெஸ்பா ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பந்தயப் பாதையைச் சுற்றிச் சுற்றி வந்து வளைவுகளை மனப்பாடம் செய்தார். கார் வந்த பிறகு பயிற்சிக்குக் கிடைத்ததோ சொற்பச் சுற்றுகள். அதற்குள் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டார்! பக்கத்தில் நின்றவை மாசெராட்டி நிறுவனம் நேரடியாக இறக்கிய கார்கள். ஓட்டியவர்கள் லூயிஜி முசோவும் வில்லோரெசியும், சொந்த மண்ணில்.

மொத்தம் 70 சுற்றுகள். கானாட்டில் டிஸ்க் பிரேக், மாசெராட்டியில் பழைய டிரம் பிரேக். வளைவுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய் பிரேக்கை மிதிக்க முடிந்தது அவருக்குச் சாதகம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் அநியாயம். முசோவோடு மாறி மாறிப் போட்டி போட்டுவிட்டு, அப்புறம் முந்திப் போய், ஏறத்தாழ 50 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப் கணக்கில் சேராத பந்தயம்தான். ஆனாலும் 1924-இல் ஹென்றி செக்ரேவ் சன்பீம் காரில் சான் செபாஸ்டியனில் வென்றதற்குப் பிறகு, பிரிட்டிஷ் ஓட்டுநர் பிரிட்டிஷ் காரில் வென்ற முதல் கிராண்ட் பிரி அது. ஊர் திரும்பும் விமானத்திலும் மறுபடி புத்தகம்தான்.

கேள்வி: அப்புறம் பல் மருத்துவர் ஆனாரா, இல்லையா?

பதில்: தேர்வில் தேறினார், பட்டமும் வாங்கினார். தொழில் மட்டும் பந்தயம் ஆகிவிட்டது.

கேள்வி: 1959-இல் சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, லேசான மோதலுக்குப் பயந்து அவர் காரை நிறுத்திவிட்டார் என்கிறார்களே?

பதில்: 'பயந்து' என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதற்கு முன் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

1956-இல் சில்வர்ஸ்டோனில் அவர் ஓட்டிய பிஆர்எம் காரில் ஆக்சிலரேட்டர் கோளாறு. பிட்டில், அதாவது பாதையோரப் பழுதுபார்க்கும் இடத்தில், ஏதோ சரிசெய்து அனுப்பினார்கள், அவரும் போனார். வேகமான ஒரு வளைவில் அது சிக்கிக்கொண்டது. கார் கவிழ்ந்து, அவரை வெளியே வீசிவிட்டுத் தீப்பிடித்து எரிந்தது. தாடை உடைந்தது. அடுத்த வருஷம் பிரான்ஸில் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டினின் கியர் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்யப் பார்த்தபோது கார் கவிழ்ந்து அவர் அடியில் மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த கார் ஒன்று இடித்துத் தள்ளியதால்தான் வெளியே வந்தார்.

தொடையில் அந்தக் காயம் ஆறுவதற்குள், ஜூலை 20 அன்று ஐன்ட்ரீயில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரி. முழுதாக ஓட்ட உடம்பில் தெம்பில்லை. அணித் தோழர் ஸ்டிர்லிங் மாஸின் கார் மக்கர் செய்தால் தன் காரைக் கொடுத்துவிடுவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். அப்படியே நடந்தது. 26-ஆவது சுற்றில் புரூக்ஸ் இறங்க, மாஸ் ஏறி ஒன்பதாவது இடத்திலிருந்து போய் ஜெயித்தார். பிரிட்டிஷ் கார் ஒன்று உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் வென்றது அதுதான் முதல் தடவை. அந்த வலியோடு அவர் முன்வரிசை ஆட்களோடு ஓடியிராவிட்டால் மாஸுக்குக் கொடுக்க உருப்படியான கார் ஏது?

அந்த இரண்டு விபத்துகளுக்குப் பிறகு, கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்படும் காரை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். அவர் தீவிர கத்தோலிக்கர். உயிர் கடவுள் கொடுத்தது, தேவையில்லாமல் பணயம் வைப்பது தவறு என்பது அவர் நம்பிக்கை. 1959 டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங்கில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். முதல் சுற்றிலேயே, அவர் அப்போது ஓட்டிய அதே ஃபெராரி அணியின் ஃபான் டிரிப்ஸ் பின்னாலிருந்து இடித்துவிட்டார். புரூக்ஸ் நேராகப் பிட்டுக்கு வந்து காரைப் பார்க்கச் சொன்னார். பழுது ஏதும் இல்லை. நேரம் போனது போனதுதான். அப்படியும் மூன்றாவதாக முடித்தார். சாம்பியன் ஜாக் பிராபம் 31 புள்ளி, புரூக்ஸ் 27.

முந்தின வருஷம்தான் ஸ்பா, நூர்பர்க்ரிங், மோன்சா மூன்றிலும் ஜெயித்த மனிதர் இவர். அந்தப் பாதைகளில் அந்தக் காலத்தில் பயந்தவர் யாரும் ஜெயித்ததில்லை. பட்டம் கண்ணெதிரே இருக்கும்போது, யாரும் கேட்காமலே தனக்குத் தானே கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரே, அந்தத் துணிச்சல் எனக்கு மூன்று வெற்றிகளையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

1961 கடைசியில், வாட்கின்ஸ் கிளென்னில் மூன்றாவதாக வந்த கையோடு 29 வயதில் ஓய்வு பெற்றார். வேபிரிட்ஜில் கார் வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டு, 90 வயது வரை வாழ்ந்து 2022-இல் மறைந்தார்.

கேள்வி: இன்று பிரிட்டனில் வேறு வேலை பார்க்கும் ஒருவர் பந்தயம் ஓட்ட வழி இருக்கிறதா?

பதில்: ஃபார்முலா 1-ஐ மறந்துவிடுங்கள். அதற்கான சூப்பர் லைசென்ஸ் வாங்கவே கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று வருஷத்துக்குள் 40 புள்ளி சேர்த்தாக வேண்டும். சிறுவயதிலிருந்து முழுநேரமும் அதிலேயே இருப்பவர்களால்தான் முடியும்.

மற்றபடி தாராளமாக வழி இருக்கிறது. மோட்டார்ஸ்போர்ட் யுகே நடைமுறைப்படி, பந்தயப் பள்ளியில் ஒரு தேர்வு, மருத்துவத் தகுதி, பிறகு உரிமம். 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் போன்றவை இப்படிப்பட்டவர்களுக்கென்றே பந்தயம் நடத்துகின்றன. புதியவர் காரின் பின்னால் மஞ்சள் பின்னணியில் கறுப்புப் பெருக்கல் குறி ஒட்ட வேண்டும். பின்னால் வருபவர் கவனமாக இருப்பார். பணமும் பயிற்சியும் கூடினால், லெ மான்ஸில்கூட ஓட்டலாம். அங்கே ஜிடி3 என்ற பிரிவில் ஒவ்வொரு காரிலும் 'வெண்கல' (bronze) தர ஓட்டுநர், அதாவது பெரும்பாலும் பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர், ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் உட்காருபவர்களில் பலர் தொழிலதிபர்கள். மற்ற நாட்களில் அலுவலகம் போகிறவர்கள்.