எலி கல்லீரல்ல என்சைம் ஏறுதா, குறையுதா?

கேள்வி: பூச்சிமருந்து கொடுத்த எலிகளுக்கு எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடிங்கிற ரெண்டு கல்லீரல் என்சைமும் ஏறுதுன்னு ஒரு ஆராய்ச்சில போட்டிருக்கு. இன்னொண்ணுல கல்லீரல் என்சைம் குறைஞ்சுதுன்னு இருக்கு. எதை நம்புறது?

பதில்: ரெண்டையும் நம்பலாங்க, எங்க அளந்தாங்கன்னு மட்டும் பாருங்க. எஸ்ஜிபிடி கல்லீரல் செல்லுக்குள்ள இருந்து வேலை பார்க்கிற என்சைம், மருந்தால செல்லோட சவ்வு கெட்டுப்போச்சுன்னா அது கசிஞ்சு ரத்தத்துல கலக்கும், அதனால ரத்தத்துல அளந்தவங்களுக்கு ஏறின மாதிரி தெரியும், கல்லீரலையே அரைச்சு அளந்தவங்களுக்கு குறைஞ்ச மாதிரி தெரியலாம். எஸ்ஜிஓடி விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருக்கணும். அது இதயம், தசை, ரத்த சிவப்பணு எல்லாத்துலயும் இருக்கு, ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சாலே அளவு ஏறிடும். அதனால திசுவை மைக்ரோஸ்கோப்ல பார்க்காம வெறும் நம்பரை வெச்சு "கல்லீரல் பாதிப்பு"ன்னு முடிவு கட்டுற கட்டுரைகளை நான் அவ்வளவா ஏத்துக்கறதில்ல.

இது போக இன்னொரு வகை ஏற்றமும் இருக்கு, எனக்கு ரொம்ப முக்கியமா படறது அதுதான். டிடிடி, குளோர்டேன் மாதிரி ஆர்கனோகுளோரின் (குளோரின் சேர்ந்த) பூச்சிமருந்து உள்ள போனா கல்லீரல் சைட்டோகுரோம் பி450-ங்கிற, உள்ள வர்ற மருந்தையும் விஷத்தையும் வேதி மாற்றம் பண்ற என்சைம்களை கூடுதலா தயாரிக்க ஆரம்பிச்சிடும், இது கசிவு இல்ல, உற்பத்தியே கூடுறது, கல்லீரலே பெருசாகும். 1960-களோட தொடக்கத்துல ஒரு ஆய்வகத்துல எலிகள் இருந்த ரூம்ல குளோர்டேன் அடிச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் தூக்க மருந்து கொடுத்தா எலிங்க வழக்கத்தை விட சீக்கிரமா முழிச்சிக்கிச்சு. கூடுதலா உருவான என்சைம் தூக்க மருந்தை வேகமா சிதைச்சதுதான் காரணம். எலிக்கு நேரா எதுவும் கொடுக்கல, ரூம்ல அடிச்சதுக்கே இப்படி!

என்சைம் கூடினா நல்லதுதானேன்னு தோணும், ஆனா பாரத்தியான்ங்கிற பூச்சிமருந்தை பாராக்சானா மாத்தி நரம்புக்கு பல மடங்கு விஷமாக்குறதும் இதே பி450 குடும்பம்தான். அந்த பாராக்சானை உடைக்கிற எஸ்டரேஸ் என்சைம்களும் கல்லீரல்லயே இருக்கு, ரெண்டுல எது முந்துதோ அதைப் பொறுத்துதான் எலி தப்பிக்கறதும் சாகறதும்.

கேள்வி: எலிக்கு ஆனது நமக்கும் ஆகுமா? வயல்ல மருந்து அடிக்கிறவங்க எஸ்ஜிபிடி டெஸ்ட் எடுத்துக்கிட்டா போதுமா?

பதில்: அப்படியே ஆகும்னு சொல்ல முடியாது. ஆய்வகத்துல பெரும்பாலும் ஒரே மருந்தை கூடுதல் டோஸ்ல குழாய் வழியா வயித்துக்குள்ள விடுவாங்க, அடிக்கிறவங்களுக்கோ பல மருந்து கலந்து தோல் வழியாவும் மூச்சு வழியாவும் போகுது. அதனாலதான் எலிக்கு பாதிப்பே தெரியாத டோஸை எடுத்து பொதுவா 100-ஆல வகுத்து மனுசங்களுக்கான தினசரி அளவை வைக்கிறாங்க, எலிக்கும் மனுசனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துக்கு இன்னொரு 10.

எஸ்ஜிபிடி மட்டும் போதவே போதாது. குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் (பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்து) அடிக்கிறவங்களுக்கு எஸ்ஜிபிடி நார்மலா இருக்கும்போதே ரத்தத்துல, நரம்பு வேலைக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ்ங்கிற என்சைம் இறங்கியிருக்கலாம், அந்த டெஸ்ட்டைத்தான் கேட்டு எடுக்கணும், அதுவும் மருந்து அடிக்கிற சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு தடவை எடுத்து வெச்சுக்கணும், ஏன்னா இதோட நார்மல் அளவு ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும், பழைய ரிப்போர்ட் கையில இல்லேன்னா குறைஞ்சிருக்கான்னு டாக்டராலயும் உறுதியா சொல்ல முடியாது.