ஆங்கிலச் சொற்கள் நிறையத் தெரிந்தும் வாக்கியமாகச் சேர்க்க வரவில்லை. நவுன், வெர்ப், ப்ரோனவுன், ப்ரெபொசிஷன் எல்லாம் எப்படி இணைகின்றன?

நவுன் என்றால் பெயர்ச்சொல், வெர்ப் என்றால் வினைச்சொல் என்று விளக்கம் எல்லாம் தெரிகிறது, ஆனால் ஒரு வரி எழுத உட்கார்ந்தால் எதை எங்கே வைப்பதென்று புரியவில்லை என்கிறீர்கள். வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவர்களில் பலர் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான். நீங்கள் படித்த விளக்கங்களில் தப்பு ஒன்றும் இல்லை. அவை ஒவ்வொரு சொல்லையும் தனியாக நிறுத்திப் பெயர் சொல்கின்றன, சேரும் விதத்தைச் சொல்வதில்லை. அதுதான் குறை.

தமிழில் ‘ஐ’, ‘கு’ போன்ற வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம் செய்கிறது. எத்தனை இடம் என்பதை வெர்ப் முடிவு செய்கிறது. அந்த இடங்கள் தீர்ந்த பிறகு வரும் பெயருக்குத் துணையாக ‘இன்’, ‘ஆன்’, ‘டு’ போன்ற ப்ரெபொசிஷன் வருகிறது. இது மனதில் பதிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

வகுப்பில் நான் மூன்று துண்டுச் சீட்டுகளை மேசைமேல் வைப்பேன். ‘பூனை’, ‘நாயை’, ‘துரத்தியது’. இவற்றை 6 விதமாக அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் துரத்தியது பூனைதான், ஓடியது நாய்தான். ‘நாயைத் துரத்தியது பூனை’ என்றாலும் பொருள் மாறாது. நாயோடு ஒட்டியிருக்கும் அந்த ‘ஐ’ எங்கே போனாலும் கூடவே போகிறது. பக்கத்தில் ஆங்கிலச் சீட்டுகள்: ‘த கேட்’, ‘சேஸ்ட்’, ‘த டாக்’. இதில் முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் மாற்றி வைத்தால் நாய் பூனையைத் துரத்துகிறது. ஒரு எழுத்துகூட மாறவில்லை, கதை தலைகீழாகிவிட்டது. வெர்ப்புக்கு முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் செயலுக்கு ஆட்படுபவர். ஆங்கிலத்துக்கு இருக்கும் இரண்டாம் வேற்றுமை உருபு, வெர்ப்புக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலி இடம்தான்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் உருபு இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் கல்லுக்கு ‘ஸ்தான்’ என்று பெயர். ‘கல்லின்’ என்றால் ‘ஸ்தானெஸ்’, ‘கற்களுக்கு’ என்றால் ‘ஸ்தானும்’. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே தேயத் தொடங்கிய இந்த விகுதிகள் அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. அவை போன பிறகுதான் இடமும் ப்ரெபொசிஷனும் இவ்வளவு முக்கியமாயின. இன்றைக்கு ‘மை ப்ரதர்ஸ் ஹவுஸ்’ என்கிறோமே, அந்த ‘ஸ்’ பழைய ‘எஸ்’ விகுதியின் மிச்சம். ‘ஹிம்’, ‘தெம்’, ‘ஹூம்’ மூன்றும் ‘ம்’ என்று முடிவதும் நம் நான்காம் வேற்றுமைக்கு நிகரான பழைய வடிவங்களின் எச்சம். இதை முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் இல்லை.

ப்ரோனவுன், அதாவது பெயருக்குப் பதிலாக வரும் ‘நான்’, ‘அவன்’ போன்ற சொல், நமக்குக் கஷ்டமாக இருக்கவே கூடாது. ஏனென்றால் அதே ஏற்பாடு நம்மிடமும் இருக்கிறது. ‘நான்’ மேல் நாம் உருபு ஏற்றுவதில்லை. ‘நானுக்கு’ என்று சின்னக் குழந்தைதான் சொல்லும். ‘என்’ என்று மாற்றித்தான் ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னோடு’ என்கிறோம். ‘ஐ’, ‘மி’ இரண்டுக்கும் உள்ள உறவும் இதுதான். ‘ஐ’ என்பது நான், ‘மி’ என்பது என். வெர்ப்புக்குப் பின்னாலோ ப்ரெபொசிஷனுக்குப் பின்னாலோ ‘மி’ வரும். ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று ஆங்கிலேயர்களே தடுமாறும் ஓர் இடம் உண்டு. தமிழ் தெரிந்தவர் அங்கே தடுமாற வேண்டியதில்லை. ‘உனக்கும் எனக்கும் நடுவில்’ என்றுதானே சொல்வோம், ‘உனக்கும் நானும்’ என்று வாய் வராதே. அதனால் ‘பிட்வீன் யூ அண்ட் மி’.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ‘வந்தேன்’ என்றால் வந்தவர் யாரென்று வினையே சொல்லிவிடுகிறது, ‘நான்’ தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பது நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் பொது. அதனால் முன்னிடத்தைக் காலியாக விட முடியாது. ‘மழை பெய்கிறது’ என்பதைக்கூட ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள். அந்த ‘இட்’ எதையும் குறிப்பதில்லை, இடத்தை நிரப்பத்தான் நிற்கிறது.

இனி வெர்ப். வாக்கியம் எழுதும்போது முதலில் வெர்ப்பைப் பிடியுங்கள். ‘ஸ்லீப்’ ஓர் ஆளோடு திருப்தியடையும்: ‘த பேபி ஸ்லெப்ட்’. ‘சேஸ்’ இரண்டு பேரைக் கேட்கும். ‘புட்’ மூன்று கேட்கும்: வைப்பவர், பொருள், வைக்கும் இடம். தமிழில் ‘சாவியை வைத்தாள்’ என்று நிறுத்தலாம். ‘ஷி புட் த கீ’ என்று நிறுத்தினால் ஆங்கிலக் காது மீதியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ‘ஆன் த டேபிள்’ என்று முடித்தால்தான் நிறையும்.

‘கிவ்’ என்ற வெர்ப்பை மட்டும் நன்றாகக் கவனித்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘ஷி கேவ் ஹெர் ப்ரதர் த கீ.’ தம்பிக்குச் சாவி கொடுத்தாள். ‘தம்பிக்கு’ என்பதில் உள்ள ‘கு’வுக்கு இங்கே எந்தச் சொல்லும் இல்லை. வெர்ப்பை ஒட்டி முதல் இடத்தில் நிற்பதாலேயே தம்பி பெறுபவர். இப்போது சாவியை முன்னால் நகர்த்துங்கள்: ‘ஷி கேவ் த கீ டு ஹெர் ப்ரதர்.’ தம்பி தன் இடத்தை இழந்தார், உடனே ‘டு’ வந்து அவரைத் தாங்கிக்கொண்டது. இடமும் ப்ரெபொசிஷனும் ஒரே வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை.

சென்ற ஆண்டு பி.காம் முடித்த ஒரு மாணவி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதிய விடுப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ‘மை மதர் இன் ஹாஸ்பிடல். ஸோ ஐ நாட் கேம்.’ அலுவலகத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம், கண் கலங்கியிருந்தது. அவள் எழுதியது சோம்பேறித்தனத்தில் வந்த தப்பு இல்லை, நல்ல தமிழ் வாக்கியம். ‘அம்மா ஆஸ்பத்திரியில்’ என்று வினையே இல்லாமல் நாம் பேசலாம், ‘அவர் ஆசிரியர்’ என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் வெர்ப் இடம் காலியாக இருக்கக் கூடாது, ஆகவே ‘இஸ்’ வேண்டும். அப்புறம் ‘ஐ நாட் கேம்’. ‘வரவில்லை’ என்பதை யோசித்துப் பார் என்றேன். ‘வந்தவில்லை’ என்கிறோமா? இல்லை. ‘இல்லை’ வந்ததும் ‘வந்த’ என்பது ‘வர’ என்று பின்வாங்கிவிடுகிறது. அதேபோல் ‘நாட்’ வந்தால் ‘டிட்’ கூட வந்து காலத்தைச் சுமக்கும், ‘கேம்’ பழையபடி ‘கம்’ ஆகிவிடும். ‘மை மதர் இஸ் இன் ஹாஸ்பிடல், ஸோ ஐ டிட் நாட் கம்.’ அவளே எழுதி, அடியில் தமிழையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

ப்ரெபொசிஷனைப் பற்றி ஒரு விஷயம். ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ மூன்றுக்கும் சுருக்கமான வழி இருக்கிறது: மணி என்றால் ‘அட்’, நாள் என்றால் ‘ஆன்’, மாதமோ வருடமோ என்றால் ‘இன்’. ஆனால் வெர்ப்போடு வரும் ப்ரெபொசிஷனுக்கு இப்படி விதி தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்ற நினைவில் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுதுவார்கள், ஆனால் ‘டிஸ்கஸ்’ பின்னால் நேராகப் பெயர்தான் வரும். ‘உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்பதில் ‘ஆக’ இருக்கிறது, இருந்தும் ‘வெயிட்டிங் யுவர் ரிப்ளை’ என்று ‘ஃபார்’ விட்டுப்போகிறது. ‘லுக்’ என்ற ஒரு சொல்லே ‘அட்’ சேர்ந்தால் பார்க்கும், ‘ஃபார்’ சேர்ந்தால் தேடும், ‘ஆஃப்டர்’ சேர்ந்தால் பராமரிக்கும். நமக்கு இவை மூன்று தனி வினைகள். ஆங்கிலம் வினையை வைத்துக்கொண்டு துணையை மாற்றுகிறது.

அதனால் குறிப்பேட்டில் ‘வெயிட்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘வெயிட் ஃபார்’ என்று ஜோடியாக எழுதுங்கள், ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ஒரு கோடு போட்டுத் துணை இல்லை என்று குறியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வெர்ப் போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ‘எதற்காகக் காத்திருக்கிறாய்?’ என்பதற்கு ‘வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’ என்று கேட்கும்போது பலர் கடைசி ‘ஃபார்’ஐ மறந்துவிடுவார்கள். ஜோடியாக எழுதிப் பழகிய கைக்கு அது தானாக வந்துவிடும்.